9 கி.மீ. சைக்கிள் ஓட்டி நேர்காணலுக்குப் போய், கசங்காமல் உள்ளே நுழைய முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: காலை 10 மணிக்கு நேர்காணல், தூரம் 9 கி.மீ., கையில் இருப்பது கியர் இல்லாத சாதாரண சைக்கிள். முழுக்கைச் சட்டையும் ஷூவுமாகப் போக வேண்டும். வியர்த்துக் கொட்டாமல் போய்ச் சேர முடியுமா, சைக்கிளில் வந்தது தெரிந்தால் குறைத்து மதிப்பிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். 9 கி.மீ. ஓட்ட முடியுமா என்பதில் உங்களுக்கே சந்தேகம் இல்லை. பத்து மணிக்கு அந்த நாற்காலியில் உட்காரும்போது சட்டை உலர்ந்து, கை சுத்தமாக, மூச்சு சீராக இருக்குமா என்பதுதான் உங்கள் கவலை. இருக்கும். ஆனால் அதைத் தீர்மானிப்பது தூரம் அல்ல. நீங்கள் மிதிக்கும் வேகமும், சைக்கிளை நிறுத்துவதற்கும் கட்டடத்துக்குள் நுழைவதற்கும் நடுவே ஒதுக்கும் அரை மணி நேரமும்தான். பலரும் பாதையைத் திட்டமிடுகிறார்கள், அந்த அரை மணியை விட்டுவிடுகிறார்கள். சைக்கிளைப் பழுது பார்ப்பதும் அதிலேயே வேலைக்குப் போய் வருவதுமாகப் பல ஆண்டுகள் கழிந்ததால், எது கணக்கில் நிற்கும், எது ஆளுக்கு ஆள் மாறும் என்று பிரித்தே சொல்கிறேன்.

கணக்கில் நிற்பதை முதலில் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள், சமதளம், எதிர்க்காற்று இல்லை என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போக ஏறக்குறைய 55 வாட் சக்தி போதும். 20 கி.மீ. வேகத்துக்கு 100 வாட் வேண்டும். 25 கி.மீ. என்றால் 165 வாட். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காக) ஏறுவதால்தான் இந்தத் தாவல். அதோடு, நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது. மற்றதெல்லாம் உடம்பில் வெப்பமாகத் தங்குகிறது. ஆகவே 15 கி.மீ. வேகத்தில் உடம்பு வெளியேற்ற வேண்டிய வெப்பம் சுமார் 190 வாட், 25 கி.மீ. வேகத்தில் 580 வாட்டுக்கு அருகில். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். இந்த வெப்பம் முழுவதையும் வியர்வையே வெளியேற்ற வேண்டுமானால், 9 கி.மீ. தூரத்துக்கு வேகமாகப் போனவருக்கு 300 மி.லி.க்கு மேல் வேண்டும், மெதுவாகப் போனவருக்கு 170 மி.லி. போதும். மெதுவாகப் போகிறவருக்கு அதிலும் ஒரு பகுதியை எதிரே வரும் காற்றே எடுத்துக்கொள்ளும். மிச்சமாகும் நேரமோ சுமார் 15 நிமிடம்தான். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக நனைந்த சட்டையை வாங்கிக்கொள்வது நேர்காணல் நாளில் வேண்டாத வேலை.

வேகமானி இல்லாமல் 15 கி.மீ. வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பக்கம் 44 பல், பின்பக்கம் 18 பல், 28 அங்குலச் சக்கரம் கொண்ட சைக்கிள் ஒரு பெடல் சுற்றுக்கு 5.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 46 சுற்று மிதித்தால் 15 கி.மீ. வேகம் வந்துவிடும். பத்துச் சுற்றுக்குப் பதின்மூன்று விநாடி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணி இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணுவதே தொல்லை என்று தோன்றினால் இன்னொரு சோதனை இருக்கிறது: வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சு விட முடிகிறதா, ஒரு முழு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அளவுக்கு மீறி மிதிக்கிறீர்கள்.

எதிர்க்காற்றும் ஏற்றமும் இந்தக் கணக்கைப் புரட்டிப் போடும். எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வீசும்போது நீங்களும் 15 கி.மீ. வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், 55 வாட் வேலை 130 வாட்டாகிவிடும். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறினாலே 150 வாட் ஆகிறது. அதனால் நேர்காணல் நாளில் வேகத்தைப் பிடித்து வைக்காதீர்கள், உழைப்பைப் பிடித்து வையுங்கள். எதிர்க்காற்றில் 10 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடலாம். பாலமோ மேடோ வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். 300 மீட்டர் ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினால் கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவே. கியர் இல்லாத சைக்கிளில் நின்றுகொண்டு மிதித்து ஏறுவதுதான் சட்டையை நனைக்கும் முதல் காரணம்.

ஆளுக்கு ஆள் மாறுவது வியர்க்கும் அளவு. ஒரே வெயிலில் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் போகும் இருவரில் ஒருவருக்கு இரண்டு மடங்கு வியர்ப்பது சாதாரணம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். அப்போது மெதுவாகப் போனாலும் நனைவீர்கள். எனவே மேலே உள்ள எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் உடம்புக்கான விடையை ஒத்திகைதான் சொல்லும். நேர்காணல் எந்தக் கிழமையோ, முந்தைய வாரம் அதே கிழமையில், அதே நேரத்தில், அதே பையைக் கட்டிக்கொண்டு ஒரு முறை போய்வாருங்கள். விடுமுறை நாளில் போய்ப் பார்ப்பதில் பயன் குறைவு. சிக்னலில் நிற்கும் நேரமும் பள்ளி வாகன நெரிசலும் அன்று தெரியாது. போய்ச் சேர்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, நெற்றியில் வியர்வை அரும்புவது எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் திட்டத்துக்கு மிகவும் தேவையான எண் அதுதான்.

ஏனென்றால் சைக்கிளை நிறுத்தியதும் வியர்வை நிற்காது, அதிகமாகவே செய்யும். ஓடிக்கொண்டிருந்தவரை எதிர்க்காற்று தோலை உலர்த்தியது. நின்றதும் அந்தக் காற்று போய்விடுகிறது, உடம்பின் உள்வெப்பமோ இறங்கவில்லை. அதனால் நின்ற முதல் சில நிமிடங்களில்தான் முதுகும் நெற்றியும் நனைகின்றன. பலருக்கு இது 10 முதல் 20 நிமிடம் நீடிக்கும். இந்த நேரத்தில் புதுச் சட்டையை மாற்றினால் அதுவும் நனைந்துவிடும். மாற்றுச் சட்டை கொண்டுபோயும் ஈரத்தோடு உள்ளே போகிறவர்கள் செய்யும் தவறு இதுவே. கடைசி ஒரு கிலோமீட்டரை நடை வேகத்துக்குச் சற்று மேலே ஓட்டுங்கள். நிழலில், காற்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். மணிக்கட்டிலும் பிடரியிலும் குளிர்ந்த நீர் விட்டு, ஈரத் துணியால் முகம், கழுத்து, அக்குள் துடைத்து, அதன் மேல் உலர்ந்த துண்டால் ஒற்றிவிட்டு, வியர்வை நின்றபின் சட்டையை மாற்றுங்கள். முகச் சிவப்பும் இந்த இடைவெளியிலேயே இறங்கிவிடும்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். வரவேற்பறையில் 9.45க்கு இருக்க வேண்டும். அதற்கு முன் நுழைவாயில் பதிவு, சைக்கிள் பூட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் சேர்த்து 15 நிமிடம், ஆறுவதற்கு 20 நிமிடம். அப்படியானால் 9.10க்குச் சைக்கிள் நிற்க வேண்டும். மெதுவான வேகத்தில் 9 கி.மீ.க்கு 36 நிமிடம், சிக்னல்களைச் சேர்த்து 45. ஒரு பஞ்சருக்கு 25 நிமிடம். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று வருகிறது. பஞ்சர் ஆகாவிட்டால் 8.45க்கே போய்விடுவீர்கள். அது வீண் நேரம் அல்ல, உங்கள் குறிப்புகளைப் படிக்கவும் உடம்பு முழுதாக ஆறவும் கிடைத்த நேரம். ஆனால் 8.45க்கே வரவேற்பறைக்குப் போய் உட்காராதீர்கள். மிகவும் முன்னதாக வருகிறவரை எங்கே உட்கார வைப்பது என்று அங்கிருப்பவர்கள் திண்டாடுவார்கள். சற்றுத் தள்ளி ஒரு மர நிழல் போதும்.

உடை விஷயத்தில் என் பரிந்துரை, ஓட்ட ஒரு சட்டை, நேர்காணலுக்கு ஒரு சட்டை. ஓட்டும்போது மெல்லிய பாலியெஸ்டர் டி-ஷர்ட் போதும், சீக்கிரம் உலரும். பருத்தி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் வியர்வை நின்ற பிறகும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகுப் பை மாட்டவே மாட்டாதீர்கள். முதுகின் வியர்வை ஆவியாக வழியில்லாமல் பையின் அளவுக்கே ஈரத் திட்டு விழும். பையைக் கேரியரில் கட்டுங்கள், ரப்பர் கயிறு ஒன்றுக்கு இரண்டாகக் குறுக்காகப் போடுங்கள். கொக்கியின் நுனியோ கயிற்றின் மிச்சமோ பின்சக்கரக் கம்பிக்குள் தொங்கக் கூடாது. நேர்காணல் சட்டையின் நிறமும் கணக்கில் உண்டு. வெளிர்நீலமும் சாம்பலும் ஈரத்தை அப்பட்டமாகக் காட்டும். வெள்ளையும் கருநீலமும் பொடிக் கோடு போட்டவையும் மறைக்கும்.

இஸ்திரி போட்ட சட்டையைக் கசங்காமல் கொண்டுபோக ஒரு வழி இருக்கிறது. கழுத்துப் பட்டனையும், கீழே ஒன்றுவிட்டு ஒன்றாக மற்றவற்றையும் போட்டு, முகம் கீழாக விரித்து, மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையை வைத்து, கைகளை முதுகுப் பக்கம் மடக்கி, சுருட்டிய துண்டைச் சுற்றி மடியுங்கள். துணியோடு துணி உராயாமல் பிளாஸ்டிக் வழுக்கிக்கொடுப்பதால் மடிப்பு ஆழமாகப் பதியாது. கோட்டு தேவைப்பட்டால் அதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, ஒரு தோளை மற்றத் தோளுக்குள் செருகி, நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். வெளித்துணி உள்ளே போய்விடுவதால் தூசியும் படாது. கழுத்துப் பட்டையை நசுக்கும்படி எதையும் மேலே வைக்காதீர்கள். சட்டையில் வேறெங்கே கசங்கினாலும் மன்னிக்கலாம், பட்டை நசுங்கினால் முதல் பார்வையிலேயே தெரியும். ஷூவைத் தனித் துணிப்பையில், அதற்குள்ளேயே சாக்ஸைச் சுருட்டி வைத்து, பெரிய பையின் அடியில் போடுங்கள்.

பேன்ட்டை மாற்ற இடம் கிடைக்காமல் போகலாம் என்பதால், பேன்ட் மட்டும் நேர்காணலுக்கானதைப் போட்டுக்கொண்டு போவது நடைமுறைக்கு ஒத்துவரும். இடுப்புக்கு மேலேதான் வியர்வை வெளியே தெரியும். ஆனால் செயின் வலப்பக்கம் இருப்பதால் வலக்கால் ஆபத்தில் இருக்கிறது. முழுச் செயின் கவர் இருந்தால் கவலை குறைவு. இல்லையென்றால் கால் நுனியை இறுக மடித்து கிளிப்போ பட்டையோ போட வேண்டும். சாக்ஸுக்குள் செருகலாம்தான், ஆனால் சுருக்கம் விழும். தோளிலிருந்தோ இடுப்பிலிருந்தோ தொங்கும் துணி எதுவானாலும் கிளம்பும் முன்பே இறுக்கிக் கட்டிவிடுங்கள். பின்சக்கரத்தில் துணி சுற்றினால் கறையோடு நிற்காது, விழுந்துவிடுவீர்கள். சீட்டின் மேல் உறை பழையதாக இருந்தால் அதன் சாயமும் தூசியும் பேன்ட்டில் பதியும். காலையில் ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஒரு சுத்தமான துணியைக் கட்டிக்கொள்ளலாம்.

செயின் மசகு பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்பு என்பது எண்ணெயும் இரும்புத் தேய்மானப் பொடியும் கலந்தது. தேய்த்தால் நூலுக்குள் இறங்கும். உலர்ந்த காகிதத்தால் ஒற்றியெடுத்து, டால்கம் பவுடர் தூவிச் சில நிமிடம் விட்டுத் தட்டிவிட்டால் வெளியே தெரியும் அளவு குறையும். முழுச் சலவை வீட்டில்தான். கையில் பட்ட மசகை வெறும் தண்ணீரோ கை சுத்திகரிப்பு ஜெல்லோ எடுக்காது. ஒரு துளி எண்ணெய் விட்டுப் பிசைந்து, காகிதத்தில் துடைத்து, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும். இதைவிட எளிது, பையில் ஒரு ஜோடி மெல்லிய ரப்பர் கையுறையை வைத்துக்கொள்வது.

வாடையைப் பற்றி நிறையப் பேர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். புது வியர்வைக்கு ஏறக்குறைய வாடையே கிடையாது. தோலில் உள்ள பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் குளித்து, துவைத்த துணியைப் போட்டுக்கொண்டால் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. பழைய டி-ஷர்ட்டின் நூலிலேயே தங்கிவிட்ட வாடைதான் வியர்வை பட்டதும் எழும். அதனால் நாள்பட்ட பாலியெஸ்டர் டி-ஷர்ட்டை முந்தைய நாள் முகர்ந்து பாருங்கள். வியர்வையைக் குறைக்கும் பூச்சு பயன்படுத்துகிறவர்கள் அதை முந்தைய இரவே உலர்ந்த தோலில் பூச வேண்டும். அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வைத் துளைகளுக்குள் படிந்து வேலை செய்ய அந்த நேரம் தேவை. வாசனைத் திரவியத்தை ஈர உடம்பில் அள்ளித் தெளிப்பதைவிட ஒன்றுமே போடாதது மேல். முடிக்கு, ஹெல்மெட்டின் கீழே மெல்லிய பருத்திக் குல்லாய் போட்டால் படிந்த கோடு குறையும். மிச்சத்தை ஈரக் கையும் சீப்பும் சரிசெய்யும். நீள முடி என்றால் தாழப் பின்னிக்கொண்டு, போனபிறகு அவிழ்த்துக் கட்டலாம். ஹெல்மெட் வேண்டாம் என்று முடியைக் காரணம் காட்டி மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

இனி சைக்கிள். நேர்காணலுக்கு முந்தைய நாள் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். புது பிரேக் கட்டை படிந்து பிடிக்கச் சில கிலோமீட்டர் ஆகும், புது சீட் உறுத்தும், புதிதாகக் கோத்த கேபிள் நீண்டு தளரும். மாற்ற வேண்டியவற்றை ஒரு வாரம் முன்பே மாற்றி, ஓட்டிப் பாருங்கள். பிரேக் லீவரை முழு பலத்தோடு அழுத்தினாலும் அது ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. கட்டை ரிம்மில் படிய வேண்டும், டயரின் பக்கச் சுவரை உரசக் கூடாது. உரசினால் டயர் கிழிந்து, பட்டென்று வெடிக்கும். செயினுக்கு எண்ணெய் போடுவது இரண்டு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி, பெடலைச் சில சுற்றுச் சுற்றி, கால் மணி கழித்து வெளிப்புறம் முழுவதையும் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே மிஞ்சும் எண்ணெய் செயினுக்கு உதவாது, தெறித்து உங்கள் பேன்ட்டுக்குத்தான் வரும்.

டயரில் காற்று எவ்வளவு என்பதற்கு விரலால் அமுக்கிப் பார்ப்பது நம்பகமான அளவு அல்ல. தடித்த டயரில் 30 பி.எஸ்.ஐ.யும் (இது காற்றழுத்தத்தின் அலகு) 50 பி.எஸ்.ஐ.யும் விரலுக்கு ஒன்றுபோலவே தோன்றும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட எல்லையைப் பாருங்கள். 26×1.75 போன்ற அளவுகளில் பெரும்பாலும் 40க்கும் 65க்கும் நடுவே இருக்கும். மானி உள்ள பம்பால் இரண்டு நாள் முன்பே சரியான அளவுக்கு அடித்து, எண்ணைக் குறித்து, மறுநாள் காலை மீண்டும் பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் எங்கோ மெதுவான கசிவு இருக்கிறது. வால்வு வாயில் எச்சிலோ சோப்பு நீரோ வைத்துக் குமிழி வருகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வகை வால்வில் உள்ளே இருக்கும் வால்டியூப் ரப்பர் முதுமையடைந்து வெடித்துவிடுவது, ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று இறங்குவதற்கு அடிக்கடி காணும் காரணம். விரல் நீள வால்டியூப் துண்டு ஒன்றைப் பையில் போட்டு வைப்பதில் எடையும் இல்லை செலவும் இல்லை. பிறகு டயரைச் சுற்றிக் கண்ணாடிச் சில்லும் முள்ளும் பதிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, ஊசியால் நெம்பி எடுங்கள். முள் குத்திய அன்றே பஞ்சர் ஆகும் என்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் மூன்றாவது நாள் டியூபைத் தொடும்.

வழியில் பஞ்சர் ஆனால், பெரும்பாலும் பின்சக்கரம்தான், எடை அதிகம் அங்கேதான் விழுகிறது. மாற்று டியூப் வைத்திருந்தால் போதும் என்ற அறிவுரை எளிதில் கழலும் சக்கரங்களுக்குப் பொருந்தும். நட்டு முடுக்கிய பின்சக்கரம் உள்ள உங்கள் வகைச் சைக்கிளில், அதிலும் முழுச் செயின் கவர் இருந்தால், சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது தெருவில் செய்யும் வேலை அல்ல, கையும் கறுத்துவிடும். சக்கரத்தைக் கழற்றாமலேயே ஒட்டலாம். சைக்கிளை இடப்பக்கம் மேலாகச் சாய்த்து, செயின் இல்லாத அந்தப் பக்கம் இரண்டு டயர் லீவரால் டயரின் விளிம்பை எடுத்து, டியூபை மட்டும் வெளியே இழுங்கள். கொஞ்சம் காற்றடித்து உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கசிவு தெரியும். அந்த இடத்தை உப்புத்தாளால் மங்கும்வரை தேய்த்து, ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாகப் பசை தடவி, பளபளப்பு போய் உலரும்வரை, சுமார் 5 நிமிடம், பொறுத்திருந்து துண்டை அழுத்துங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் அவசரத்தில் போட்ட ஒட்டுகள் பத்தாவது நிமிடம் கழன்றுவிடுகின்றன. டயரை மூடும் முன் அதன் உட்புறத்தைத் துணியால் தடவி முள்ளைத் தேடி எடுங்கள். எடுக்காவிட்டால் அதே முள் மறுபடியும் குத்தும். துளை ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக இருந்தால் அது முள் அல்ல. காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் இடித்து, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. அடைப்புத் திரவம் முன்கூட்டியே ஊற்றி வைப்பது சிறு முள் துளைகளுக்கு நன்றாக உதவும், வால்வின் அடியில் கிழிந்தாலோ பக்கவாட்டில் வெட்டுப்பட்டாலோ உதவாது.

இந்த வேலையை முன்பு செய்ததில்லை என்றால் நேர்காணல் நாளில் கற்றுக்கொள்ள வேண்டாம். முடிவை இப்போதே எடுத்து வையுங்கள். மீதம் 2 கி.மீ.க்குள் இருந்தால் தள்ளிக்கொண்டு போங்கள், 25 நிமிடத்தில் சேர்ந்துவிடலாம், பஞ்சருக்கென்று ஒதுக்கிய நேரமே அதுதான். அதற்கு மேல் இருந்து, கசிவு மெதுவாக இருந்தால், காற்றடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம். இரண்டும் முடியாவிட்டால் பாதுகாப்பான இடத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு வேறு வண்டி பிடியுங்கள். அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். சைக்கிளை மாலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

சான்றிதழ்கள் உறையில் மட்டும் இருந்தால் போதாது. வாய் மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, மடங்காமல் இருக்க ஒரு கெட்டி அட்டையோடு வையுங்கள். தண்ணீர் பாட்டில் பையின் அதே அறையில் இருக்கக் கூடாது. மழையில் மட்கார்டு இல்லாத சைக்கிள் முதுகு நடுவே சேற்றுக் கோடு போடும். மழைக்கோட்டு வெளிநீரைத் தடுத்தாலும் உள்ளே வியர்வையைத் தேக்கும், ஆகவே அதைப் போட்ட நாளில் இன்னும் மெதுவாக ஓட்டுங்கள், அடியில் மாற்றப்போகும் டி-ஷர்ட் மட்டும் இருக்கட்டும். முகம் திறந்து கீழே காற்றுப் போகும் போர்வை வகை இதில் மேல், ஆனால் பலத்த காற்றில் அது பாய்மரமாகிச் சைக்கிளை இழுக்கும்.

நிறுத்தும் இடத்தை முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். "நாளை நேர்காணலுக்குச் சைக்கிளில் வருகிறேன். வளாகத்தில் நிறுத்த இடம் இருக்கிறதா?" என்று ஒரு வரி போதும். குளிக்க வசதி உண்டா என்று இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம், வேலை கிடைத்தபின் கேட்க வேண்டியது அது. உடை மாற்ற நேர்காணல் நடக்கும் மாடியின் கழிப்பறையை நம்பாதீர்கள். உங்களை நேர்காணல் செய்யப்போகிறவரே கைகழுவ வரக்கூடும். ஒத்திகை நாளில் அருகிலுள்ள பொதுக் கட்டடம் ஒன்றைப் பார்த்து வையுங்கள், சட்டையை அங்கேயே மாற்றிவிட்டு மிச்ச தூரத்தை நடந்தே போகலாம். பூட்டும்போது பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்து, நிலத்தில் பதித்த கம்பியோடு பூட்டுங்கள். கம்பியின் தலை திறந்திருந்தால் சைக்கிளையே தூக்கி எடுத்துவிடலாம் என்பதையும் பாருங்கள். சாவியை எப்போதும் ஒரே பையில் போடுங்கள். நேர்காணலுக்கு நடுவே சாவி எங்கே என்று மனம் தேடக் கூடாது.

குறைத்து மதிப்பிடுவார்களா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனத்தைப் பொறுத்தது அது, அதை யாரும் உங்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் கையில் இருப்பது அறைக்குள் நுழையும் தோற்றமும், கேட்டால் சொல்லும் பதிலும். ஹெல்மெட்டையும் கயிற்றையும் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள். கையில் ஏந்திக்கொண்டு போனால் பேச்சு அதிலேயே தொடங்கி, உங்கள் முதல் சில நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் மறைக்க வேண்டியதும் இல்லை, பெருமையாக விரிக்க வேண்டியதும் இல்லை. "சைக்கிளில் வந்தேன், முக்கால் மணி நேரம் ஆகிறது" என்று சொல்லி நிறுத்துங்கள். தினமும் நேரத்துக்கு வர முடியுமா என்று தொடர்ந்தால் அது நியாயமான கேள்வி. மழை நாளுக்கும் பஞ்சருக்கும் என்ன மாற்று ஏற்பாடு என்று இரண்டு வரியில் சொல்லத் தயாராக இருங்கள். வெளியே அலைந்து பலரைச் சந்திக்கும் வேலை என்றால் சொந்த மோட்டார் வாகனம் வேண்டும் என்பது நிபந்தனையாகவே இருக்கலாம். விளம்பரத்தை இன்னொரு முறை படியுங்கள்.

மிதமான உடற்பயிற்சிக்குப் பின் மனப் பதற்றம் குறைவதும் கவனம் சற்றுக் கூடுவதும் ஆய்வுகளில் பலமுறை கண்டதே. ஆனால் அந்தப் பயன் சிறியது, ஆளுக்கு ஆள் மாறுவது. அதற்காகவே சைக்கிளில் போகச் சொல்ல மாட்டேன். கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பிட்டு முடியுங்கள். ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் அப்போதே குடித்துவிட்டு, வழியிலும் போன பிறகும் வாய் வாயாகக் குடியுங்கள். போய்ச் சேர்ந்ததும் அரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால் நேர்காணல் நடுவே எழுந்து போக வேண்டி வரும்.

சில நாட்களில் போகவே வேண்டாம். இரவு சரியாகத் தூங்கவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, இடி மின்னல், முன்பு ஓட்டிப் பழகாத, கனரக வண்டிகள் விரையும் சாலை என்றால் சைக்கிளை வீட்டில் விடுங்கள், அல்லது அருகிலுள்ள பேருந்து, ரயில் நிலையம் வரை மட்டும் ஓட்டுங்கள். ஒத்திகையில் 20 நிமிடம் ஆறிய பிறகும் வியர்வை நிற்கவில்லை என்றால் அதுவும் அதே முடிவுக்கான காரணம்தான். போகிற நாளில் முன்விளக்கையும் பின்விளக்கையும் காலையிலேயே மாட்டி, எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு, இரண்டாம் சுற்று என்று நேர்காணல் மாலைவரை நீள்வது வழக்கம், திரும்பும் 9 கி.மீ. இருட்டில் இருக்கலாம்.